கீழ் லயத்தில் ஆள் இருக்கிறதா?

போன மாதம் ஒரு கையெழுத்துக்காகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே நாற்காலி கொடுப்பார்கள், அதில் ஒரு கால் ஆடும். அந்த நாற்காலியில் சமாளித்து உட்கார்ந்திருந்தபோது, என் இடத்துக்கு வந்திருக்கிற கவிதா தன் கணினியை என் பக்கம் திருப்பினாள். டிரோன் எடுத்த படம். ஒரு முக்கிம் முழுவதும் கூரை கூரையாகத் தெரிந்தது. சில வீடுகளின் கொடியில் காயும் துண்டுகூடத் தெரிந்தது.

"அங்கிள், இது இல்லாத காலத்துல எந்த வீட்ல ஆளு இருக்கு, எந்த வீட்ல இல்லன்னு எப்படி கண்டுபிடிச்சீங்க?"

நடந்துதான் என்றேன். அவள் என் வயிற்றை ஒரு முறை பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. அந்த அவமானத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முக்கிம் என்பது மாவட்டத்தை வெட்டிப் பிரித்த ஒரு துண்டு. அதற்குள் பல கிராமங்கள். அந்தத் துண்டுக்கு அதிகாரி பெங்குலு. அவர் ஆபீசில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. அறுபது வயதுவரை இழுக்காமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். முட்டி வலி என்று எழுதிக் கொடுத்தேன். முட்டியும் வலித்தது உண்மைதான்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். பரீட்சையில் மலாய்ப் பாடம் மட்டும் நன்றாக எழுதினேன். கவர்மெண்டு வேலை கிடைத்தால் ஆடு வெட்டுவதாக அப்பா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். ஆட்டுக்கு நல்ல காலம், என் முதல் இடம் தைப்பிங்கில் கோப்புகளை நூலால் கட்டும் வேலை என்று தெரிந்ததும் நேர்த்திக்கடனைச் சேவலாகக் குறைத்துவிட்டார். அங்கே மழை பெய்யாத நாளே இல்லை. கோப்பு கட்டவும் குடை விரிக்கவும் கற்றுக்கொண்டு சில வருடங்களில் பெங்குலு ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாள் சுவரில் முக்கிமின் வரைபடத்தைப் பார்த்தேன். ஆற்றோரம் மலாய்க் கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், தலைவர். ரோட்டோரம் சீனர்களின் புதுக்கிராமம், அதற்கும் பெயர், தலைவர். மலையடிவாரத்தில் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பு, அதற்கும் ஒரு தலைவர். நடுவில் பெரிய பச்சைத் திட்டுகள். அவைதான் தோட்டங்கள். அதில் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். அதில் எத்தனை பேர் பிறந்து, ரப்பர்ப் பால் வெட்டி, பிள்ளை பெற்று, செத்தாலும் கவர்மெண்டு கணக்கில் அது கிராமம் ஆகாது. ரோடு, தண்ணீர், தெருவிளக்கு எதுவானாலும் தோட்ட முதலாளியைத்தான் கேட்க வேண்டும். நான் பிறந்த இடமும் ஏதோ ஒரு சுவரில் இப்படிப் பச்சையாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற நிற்பைப் பார்த்து, வண்ணம் பிடிக்கவில்லையா என்று கேட்டார் என் பெங்குலு.

அவர் துவான் ஹாஷிம், துவான் என்றால் ஐயா. மெலிந்த மனிதர், சலவை மடிப்புக் கலையாத சட்டை. திட்டத் தெரியாதவர். நான் தப்பாக எழுதிக்கொண்டு வந்தால், அதை எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்வார். நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தப்பு வரும் இடத்தில் என் குரலே கம்மிப்போகும். அப்போது கண்ணைத் திறப்பார். இதைவிட நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

வீடு வீடாகப் போவதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்துவார். நடந்து போனால்தான் நாம் வருவதை நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால்தான் பயம் போகும் என்பார். எந்த வீடானாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுவார். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் சிமெண்டுத் தரை பொரிந்து கிடக்கும், அதிலும் வெறும் காலுறையோடு நடப்பார். உட்காரச் சொல்லும்வரை நிற்பார். தேநீர் கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை குடிப்பார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீடு போனால், எல்லாத் தேநீரையும் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் மூன்றாவது வீட்டிலேயே கழிப்பறை தேட ஆரம்பித்துவிடுவேன். அப்படிச் சுற்றியதில் அந்த முக்கிமே எனக்கு ஒரு பெரிய வீடு மாதிரி ஆனது. யார் மகள் எங்கே வாழ்க்கைப்பட்டாள், எந்த ஊரில் எத்தனை வயசாளிகள், எந்த ஊர் காலியாகிக்கொண்டு வருகிறது எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலையைப் பார்த்து எனக்கு எப்போதும் வியப்புதான்.

இனி கீழ் லயத்துக்கு வருகிறேன்.

ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவில் இருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டம். ரப்பரை வெட்டிச் சாய்த்துச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை நட்டார்கள். பிறகு தோட்டமே கைமாறியது. பாதிச் சனம் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. மீதிப் பேர் கீழ் லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் தங்கிவிட்டார்கள். அங்கிருந்தே பேக்டரிக்கும் பட்டணத்துக்கும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். புது முதலாளி அங்கே வீடமைப்புத் திட்டம் போட நினைத்தார். லயத்து மக்கள் மனு போட்டார்கள். மேலதிகாரிகள் பேசி ஒரு முடிவு சொன்னார்கள். லயத்தில் இன்னும் ஆட்கள் குடியிருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து, குடியிருப்பவர்களுக்கு மனை கொடுத்து, கிராமமாக்கலாம். வீடுகள் காலி என்றால் இடித்துவிடலாம். முதலாளி தரப்பில், அங்கே யாருமில்லை, திருவிழாவுக்கு மட்டும்தான் ஆள் வருகிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நேரில் பார்த்து அறிக்கை எழுத நில அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார், கூட பெங்குலு இருப்பார், நான் மொழிபெயர்ப்பேன் என்று ஏற்பாடு.

மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் முனியாண்டி அண்ணன். கோயில் தலைவர். மனைவி போன பிறகு அவருக்குக் கோயிலும் மனுவும்தான் வாழ்க்கை. ஆபீசுக்கு அவர் வராத வாரம் கிடையாது. தேதியைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம லயத்துக்கு ஆபீசரு வர்றது இதான் மொத தடவ தம்பி. மரியாதையில கொற வைக்கக்கூடாதுலா."

நான் சரி அண்ணே என்றேன். மரியாதை என்ற சொல்லுக்குள் அவர் எவ்வளவு பொருள் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்த நாளில் துவான் ஹாஷிமும் நானும் முன்பக்க ரோட்டிலிருந்து நடந்து போனோம். லயத்துக்குத் தள்ளி ரோட்டோரம் இருந்த கோயில் வாசலில் மேளம் அடித்தது. சனம் முழுவதும் அங்கேதான். பெண்கள் பட்டுச் சேலையில், ஆண்கள் தீபாவளிச் சட்டையில். பெங்குலு முஸ்லிம் என்பதால் புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கிச் சைவச் சமையல் நடந்துகொண்டிருந்தது. தட்டுகளைக்கூடக் கடைப் பையிலிருந்து எங்கள் கண்முன்தான் பிரித்தார்கள். துவானுக்கு ஒரு மாலை, எனக்கு ஒரு மாலை. துவான் கையில் வாங்கிக்கொண்டார். எனக்குக் கழுத்திலேயே போட்டார்கள். என் கழுத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் அந்த மாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கியதைப் பார்த்து லெட்சுமி அக்கா, "கிராணி மாப்பிள்ளையாட்டம் இருக்காரு, பொண்ணுதான் ஓடிப்போச்சு" என்றார். அவர் லயத்தின் முதல் வீட்டுக்காரர். வாய் சும்மா இருக்காது.

நில அலுவலக அதிகாரிக்காகக் காத்திருந்தோம். ரொம்ப நேரம் ஆனது. பாயசம் ஆறியது.

அவர் வந்தார், ஆனால் ரோட்டுப் பக்கமிருந்து இல்லை. கோலா கங்சார் பக்கமிருந்து செம்பனைக் காட்டுப் பாதை வழியாக லயத்தின் பின்னால் வந்திருந்தார். ஃபரீட் என்று பெயர், முப்பது சொச்சம் வயது. சப்பாத்து முழுவதும் சேறு. துவானுக்குக் கைகொடுத்துவிட்டு, பார்த்து முடித்துவிட்டேன் என்றார் மலாயில். எல்லா வீட்டுக் கதவையும் தட்டினாராம். ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வாசலிலும் செருப்பு இல்லை. கொடியில் துணி இல்லை. அடுப்பில் சூடு இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. தோட்டத்தில் நாய் குரைக்கவில்லை என்றால் அங்கே மனிதர் இல்லை என்றுதானே அர்த்தம்?

"கோசோங்" என்றார். காலி.

அந்த ஒரு சொல் மட்டும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. மேளம் நின்றது.

நடந்தது என்னவென்று எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அதிகாரி கண்ணில் அழுக்குத் துணி படக்கூடாது என்று கொடியெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். வாசலைக் கழுவிச் செருப்புகளை மூட்டை கட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் முஸ்லிம்கள், நாய் பட்டால் ஆகாது என்று நாய்களையெல்லாம் தூரத்துச் செம்பனை மரங்களில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். சமையல் கோயிலில், ஆகவே ஒரு வீட்டிலும் அடுப்பு இல்லை. ஆட்கள் எல்லாரும் மோட்டார் சைக்கிளோடு வரவேற்க வந்துவிட்டார்கள். மரியாதை செய்து செய்து, தாங்கள் வாழ்கிற அடையாளம் அத்தனையையும் துடைத்து வைத்திருந்தார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் எல்லாவற்றையும் மலாயில் திருப்ப முயன்று பாதியில் மூச்சு வாங்கினேன். ஃபரீட் கோபப்படவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து ஆள் வருகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் பார்ப்பது திருவிழா. இதில் யார் இங்கே குடியிருக்கிறார், யார் விருந்தாளி? அடையாள அட்டையில் எல்லாருக்கும் பழைய தோட்ட முகவரிதான் இருக்கிறது, ஈப்போவில் இருக்கிறவர்களுக்கும் அதுவேதான்.

துவான் ஹாஷிம் மட்டும் தன் கிண்ணத்தை எடுத்தார். பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகட்டும், நாம் முதல் வீட்டிலிருந்து திரும்பவும் தொடங்கலாம் என்றார். ஃபரீட் ஒத்துக்கொண்டார். ஆனால் என்னிடம் மெதுவாகச் சொன்னார், கதவைத் திறந்துகொண்டு நிற்பது யாராலும் முடியும் என்று. மாலையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தேன், அது போகவில்லை.

லெட்சுமி அக்கா வீட்டில் உட்கார்ந்தோம். பட்டுச் சேலையோடு தேநீர் கலக்கினார். துவான் வழக்கம்போல், நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள் என்று கேட்டார். அக்கா தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், இரண்டு மகன்கள் பெயர் சொன்னார். ஃபரீட் எழுதவில்லை. பேனாவை மூடியே வைத்திருந்தார். பெயர் சொல்வதும் யாராலும் முடியும்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்த சத்தம் கேட்டது.

அக்கா அப்போது தன் மூத்த மகன் வேலை செய்கிற பேக்டரியைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டுவதை நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே எழுந்து, மூலையில் கிடந்த வாளியை எடுத்து அறையின் நடுவில் வைத்தார். ஒரு பால் மாவு டின்னை அலமாரி மேல் வைத்தார். மெத்தையின் ஒரு முனையைச் சுருட்டினார். ஃபரீட்டின் தோளைத் தொட்டு, அந்த நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னார். அவர் தள்ளிப் போட்டார். பிறகு அக்கா உட்கார்ந்து பேக்டரியை விட்ட இடத்திலிருந்து திட்டினார்.

மழை பிடித்தது. கூரை ஒழுக ஆரம்பித்தது. வாளிக்குள் ஒரு சொட்டு. டின்னுக்குள் ஒரு சொட்டு. மெத்தை சுருட்டிய இடத்தில் ஒன்று. ஃபரீட்டின் நாற்காலி இருந்த இடத்தில் ஒன்று.

அவர் அந்தக் கடைசிச் சொட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒழுகுவதற்கு முன்னாடியே வைத்தாரே, எப்படித் தெரியும் என்று கேளுங்கள் என்றார். கேட்டேன்.

"இது என்னா கேள்வி? தெனம் பேயிற மழ, தெனம் ஒழுவுற எடம். வூட்டுல இருக்கறவளுக்குத் தெரியாதாலா?"

ஃபரீட் எழுந்தார். பேனா மூடியைக் கழற்றினார். என்னைக் கேட்காமலேயே வெளியே போனார். லயத்து வீடுகளுக்கு முன்னால் அஞ்சடி என்று ஒரு நீளத் தாழ்வாரம் ஓடும். அதில் அவர் போக, பின்னால் நான், எனக்குப் பின்னால் காலுறை நனைய துவான்.

அடுத்த வீடு மரியதாஸ். தொலைக்காட்சியின் மேல் பிளாஸ்டிக் விரித்து முடித்துவிட்டு, மாதா படத்தை ஆணியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். படம் மாட்டியிருந்த சுவரில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வழிந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒரு கிழவர் படுத்த நிலையிலேயே காலை மடக்கிக்கொண்டார், கால் இருந்த இடத்தில் சொட்டு விழுந்தது. இன்னொரு வீட்டில் வாசலுக்கு நேரே குழம்புச் சட்டி, அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். நான் தாண்டத் தெரியாமல் காலால் தட்டிவிட்டேன். அந்த வீட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், நான் எந்தக் கணக்கிலும் அந்த வீட்டு ஆள் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. ஃபரீட் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் அஞ்சடியில் நின்றுவிட்டேன். மேலே தகரத்தில் மழையின் இரைச்சல். அதற்குக் கீழே, லயம் முழுவதும், வாளியில், டின்னில், சட்டியில், அலுமினியத் தட்டில் சொட்டுகள் விழுகிற சத்தம், வீட்டுக்கு வீடு வேறு வேறு சத்தம். சற்று முன்னால் ஒரு நாய் சத்தம்கூட இல்லாமல் கிடந்த வரிசை இது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எந்த ஏற்பாடும் இல்லை. எல்லார் கையும் எங்கே போக வேண்டுமோ அங்கே போனது. இத்தனை வருட வேலையில் எத்தனையோ ஊர்களின் பெயரை எழுதியிருக்கிறேன். ஓர் ஊர் தான் ஊர்தான் என்று சொல்வதை அன்றைக்குத்தான் கேட்டேன். துவான் ஹாஷிமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

கடைசி வீடு முனியாண்டி அண்ணனுடையது.

கதவு திறந்திருந்தது. அண்ணன் எங்களைப் பார்த்ததும் வாளியை எடுத்துக்கொண்டு நேரே போய், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார். தயக்கமே இல்லாமல் வைத்தார். மூன்று பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதில் ஒன்றும் விழவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால், சன்னலோரம், பாயின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கூரையை நிமிர்ந்து பார்த்தார். சாமி அலமாரிக்கு மேல் இருந்த பழைய ஓட்டையில் ஒரு தகரத் துண்டு வைத்து அடித்திருந்தது. அடித்தது லெட்சுமி அக்காவின் வீட்டுக்காரர், எப்போதோ. அந்த வீட்டைத் திறந்து பெருக்கி விளக்கேற்றுவது அக்காதான் என்பதும், அண்ணன் ஈப்போவில் பாதுகாவலர் வேலை பார்த்துக்கொண்டு மகள் வீட்டில் தங்குகிறார் என்பதும், வெள்ளிக்கிழமை பூசைக்கு மட்டும் வந்து போகிறார் என்பதும் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. வாரா வாரம் ஆபீசில் பார்த்த மனிதர், எங்கே படுக்கிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை.

ஃபரீட்டின் பேனா தாளுக்கு மேலே நின்றது. துவானைப் பார்த்தார். துவான் மழையைப் பார்த்தார். அந்த மனு முழுவதும் இந்த மனிதர் நடந்த நடை என்று ஃபரீட்டுக்கும் தெரியும். ஒரு வீடுதானே, ஆள் இருக்கிறது என்று எழுதிவிட்டால் என்ன? நானாக இருந்தால் எழுதியிருப்பேன், அதனால்தான் என்னிடம் பேனாவைக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அண்ணன்தான் பேசினார். "உள்ளத எழுதச் சொல்லு தம்பி. இதுல ஒன்னு பொய்யின்னு ஆயிருச்சின்னா மத்ததையும் நம்ப மாட்டாங்க."

சொன்னேன். ஃபரீட் அந்த வீட்டுக்கு நேராக கோசோங் என்று எழுதினார். எழுதியதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மத்த வூடெல்லாம் ஆளு இருக்குன்னு எழுதிட்டாரா?"

"எழுதிட்டாரு அண்ணே."

"அப்ப சரிலா."

லெட்சுமி அக்கா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, வாளியைக் காலாலேயே சன்னலோரம் தள்ளினார். ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அறிக்கை மேலே போனது. போன கோப்பு திரும்புவதற்குள் துவான் ஹாஷிம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் அது திரும்பியது. வரைபடத்தின் அந்தப் பச்சைத் திட்டில் ஒரு சின்ன மஞ்சள் துண்டு வெட்டினார்கள். பெயர்ப் பலகை நட்டார்கள், தலைவர் நியமித்தார்கள், குடியிருந்தவர்களுக்கு மனை கிடைத்தது. முனியாண்டி அண்ணனுக்கு இல்லை. பலகை நட்ட அன்று வந்து கற்பூரம் ஏற்றிவிட்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறினார்.

பிறகு ஒரு நாள் அந்தக் கிராமத்துக்கு வேலையாகப் போனேன். லெட்சுமி அக்காவின் புது வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை கட்டியிருந்தது. அதன் வாசலில் அண்ணன் சட்டையில்லாமல் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டாராம், அந்த அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். வாடகையில்லாமல் சும்மா இருங்கள் என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லையாம். அந்தக் கிராமத்திலேயே வாடகைக்கு இருக்கிற ஒரே ஆள் அவர்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இந்த ஊரையே வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களே அண்ணே என்றேன்.

அவர் நகவெட்டியை மடித்து வைத்தார்.

"ஊருன்னு ஒன்னு இருந்தாத்தானே தம்பி, அதுல வாடகைக்கு இருக்க முடியும்."